ரோஸ் கோடு போட்ட ப்ளக் ஸ்பேனர்

என் டூல் பாக்ஸில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. பழைய பெட்டி. உள்ளே இருக்கும் தகரத் தட்டில் ஒவ்வொரு சாமானும் வருஷக்கணக்கில் படுத்துக் கிடந்ததால், எடுத்த பிறகும் அதனதன் வடிவத்தில் கறை நிற்கும். அப்படி ஒரு கறை, கை விரலைவிடக் கொஞ்சம் நீளமாகப் பெட்டியின் ஓரத்தில் இருக்கிறது. அங்கே கிடந்தது ஜெனரேட்டரின் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றுகிற ஸ்பேனர். மற்ற ஸ்பேனர்களைப் போலத் தட்டையாக இருக்காது. ஒரு இரும்புக் குழாய்த் துண்டு, அவ்வளவுதான். ஒரு முனையில் ஆறு பட்டை, மறுமுனை வெறும் வட்டம், நடுவில் கம்பி விட்டுத் திருகுவதற்கு ஒரு துளை. அந்தத் துளையை ஒட்டி ரோஸ் நிறத்தில் ஒரு கோடு போட்டிருந்தேன். திருவிழா, கல்யாணம் என்றால் மைக் செட், சீரியல் லைட், ஆர்கெஸ்ட்ரா எல்லோரும் ஒரே இடத்தில் இறங்குவார்கள். சாமான் கலந்துவிடும். அதனால் அவரவர் சாமானில் அவரவர் நிறத்தில் கோடு போட்டுக்கொள்வது எங்கள் தொழிலில் வழக்கம். நான் போய்ச் சேர்ந்தபோது சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாவற்றையும் முன்னாலேயே வந்தவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது யாரோ குளியலறைக் கதவுக்கு அடித்து மிச்சம் வைத்த ரோஸ். கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும், ரோஸ் கோடு போட்ட சாமானை எவனும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஸ்பேனர் காணாமல் போன சாயங்காலம்தான் என் வேலையும் போயிற்று. அதற்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ வேலை போயிருக்கிறது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன வெங்காயம் மூட்டை ஏற்றியிருக்கிறேன். போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வடநாடு போய் மொழி தெரியாத ஊர்களில் பாறையைத் துளைத்திருக்கிறேன். திருப்பூர் சாயப்பட்டறையில் கால் தோல் உரிகிற வரைக்கும் நின்றிருக்கிறேன். சோறு சரியில்லை என்றால் அடுத்த ஊர், மேஸ்திரி கெட்ட வார்த்தை பேசினால் அடுத்த ஊர். எங்கேயும் ஒரு தீபாவளிக்கு மேல் தங்கியதில்லை. ஆனால் அரியலூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் வேன் ஓட்டி ஜெனரேட்டர் பார்த்த வேலையை மட்டும் நானாக விட்டிருக்க மாட்டேன். அது குழுவின் ஓனரால் அல்ல. பாடகர்களாலும் அல்ல. அங்கே லீடு கிட்டார் வாசித்த மனிதரால். அவரை எல்லோரும் லீடு என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு லீடண்ணன். அவருக்கு நான் மோட்டாரு.

லீடண்ணன் அப்போதே ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒல்லி. எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். கிட்டாரின் வயிற்றில் ஒரு விரிசல், அதைப் பசை வைத்து ஒட்டி மேலே ஒரு மாதாப் படம். வரதராஜன்பேட்டைப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் பொன்மலை ரயில்வே காலனியில் ஒரு சட்டைக்காரரிடம், அதாவது ஆங்கிலோ இந்தியரிடம், வாசிக்கக் கற்றுக்கொண்டாராம். குழுவில் அவருக்கு வேலை சினிமாப் பாட்டுதான். கேட்கிற பாட்டைப் போட வேண்டும், நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். ஆனால் மத்தியானம் மேடை போட்டு வயர் இழுத்து முடித்ததும், மைக் சரிபார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வேறொன்றை வாசிப்பார். மெதுவாக, சுற்றிச் சுற்றி அதே இரண்டு மூன்று இடங்களுக்கு வந்து போகிற மாதிரி இருக்கும். இடது கை விரல்கள் கம்பிமேல் சிலந்தி மாதிரி ஓடும். பந்தல்காரர்களும் நானும் நாற்காலி அடுக்குகிறவர்களும்தான் கேட்கிற ஆட்கள். இது என்ன பாட்டு என்று ஒருமுறை கேட்டேன். "இதுக்குப் பேரு ப்ளூஸு. ஒப்பாரிதான்யா. ஆனா இதுல அழுவுறவன் ஒக்காந்து அழுவ மாட்டான், நின்னுக்கிட்டு அழுவான். அதுக்குக் கொஞ்சம் கோவத்தையும் ஏத்திவுட்டா ராக்கு" என்றார்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதை வாசித்தாலும் ஒரு அடி முடிகிற இடத்தில் கடைசி ஒலியை வாசிக்க மாட்டார். கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்ப்பார். கூட்டம் தன்னை அறியாமல் அந்த மிச்சத்தைப் பாடிவிடும். சினிமாப் பாட்டில் அது கைதட்டல் வாங்குகிற வித்தை. யாரும் இல்லாத மத்தியானத்திலும் ஏன் அப்படிச் செய்கிறார் என்று எனக்குப் புரிந்ததில்லை. "எல்லாத்தையும் நாமளே வாசிச்சுட்டா அவன் எதுக்கு வந்தான்? கடைசிய மட்டும் நீட்டிட்டு நிறுத்திடணும். வாங்கிக்கிட்டு அவனே முடிச்சுருவான். வேண்டாம்னு சொல்ல வாய் வராது" என்பார்.

பூலாம்பாடிப் பக்கம் ஒரு திருவிழாவில், பாடகர் வேனில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த இடைவெளியை நிரப்ப ஓனர் ஏதாவது வாசிக்கச் சொன்னார். லீடண்ணன் தன் ஒப்பாரியை எடுத்தார். கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். பிறகு, "ஏ கிட்டாரு, வவுத்து வலியா?" என்று ஒரு குரல். சிரிப்பு. கழுத்தில் துண்டு போட்ட ஒருவர் மேடைமேல் ஏறி மைக்கைப் பிடுங்கி, "இந்த இழுவைய நிறுத்திட்டு ஒரு குத்துப் பாட்டு போடச் சொல்லுங்கப்பா, புள்ளைங்க தூங்குது" என்றார். கை தட்டினார்கள். லீடண்ணன் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் குத்துப் பாட்டுக்கு மாறினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்தத் துண்டுக்காரரின் முகத்தை நான் ஞாபகத்தில் வைத்துக்கொண்டேன். ஞாபகத்தில் வைத்துக்கொள்வதற்கு எனக்கு எப்போதும் இடம் உண்டு.

என் வேலை போன சாயங்காலம் அரும்பாவூர்ப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. அந்த நாளில் அது சாதாரணம், அதற்காகத்தானே நான் இருந்தேன். ஜெனரேட்டரைப் போட்டேன். மண்ணெண்ணெயில் ஓடுகிற சின்ன மிஷின் அது. மண்ணெண்ணெய் ப்ளக்கில் கரியை ஏற்றிவிடும். இரண்டு பாட்டு ஓடி, இருமி, நின்றது. நின்றால் பெரிய வேலை இல்லை. ப்ளக்கைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்ப மாட்டினால் மூன்றாவது இழுப்பில் எடுத்துவிடும். பெட்டியைத் திறந்தேன். ஸ்பேனர் இல்லை. வேனில் இல்லை, மேடைக்கு அடியில் இல்லை. கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகிப் பார்த்தேன். வழுக்கியது, ப்ளக்கின் பீங்கான் உடைந்தது. அதோடு ஜெனரேட்டர் அன்றைக்குச் செத்தது. இருட்டில் தண்ணீர் பாக்கெட் பறந்தது. பெண்ணின் மாமன்காரர் ஓனரின் சட்டையைப் பிடித்தார். ஓனர் நேராக என்னிடம் வந்தார். "ஒரு சாமான ஒழுங்கா வச்சுக்கத் தெரியல. நாளைலேருந்து வராத" என்றார். குழுவில் பத்துப் பேர் நின்றார்கள். எனக்காகப் பேசியது லீடண்ணன் மட்டும்தான். "வுடுங்க ஓனரே, பாவம் அவன். இருட்டுல எது எங்க போச்சுன்னு யாரு கண்டா" என்றார். ஓனர் கேட்கவில்லை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

எடுத்தது ரிதம் பேடு வாசிக்கிறவன் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன். அதற்கு முந்தைய வாரம் பிரியாணிப் பொட்டலம் குறைந்துபோனதில் அவனுக்கும் எனக்கும் தகராறு. வேறு ஆதாரம் ஒன்றும் இல்லை. ஆனால் சந்தேகத்துக்கு ஆதாரம் எதற்கு, அது தானாக வளரும். பிறகு ஒருமுறை திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். பேசவில்லை. அவன் பையைத்தான் பார்த்தேன். ஊர் ஊராக அலைந்த வருஷங்களில் எல்லோர்மேலும் எனக்குச் சந்தேகம்தான். இனிக்கப் பேசுகிற மேஸ்திரி, ஒரே அறையில் படுக்கிற கூலிக்காரன், காரணமில்லாமல் டீ வாங்கிக் கொடுக்கிறவன், எல்லோரும். ஒருவர் மட்டும் அதற்கு வெளியே நின்றார். பத்துப் பேர் வாய் மூடி நின்ற இடத்தில் பேசியவர்.

சில வருஷம் கழித்துப் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். டீ கிளாஸைப் பிடித்திருந்த இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் நீட்டிக்கொண்டு நின்றன, வெள்ளைக்கார துரை டீ குடிக்கிற மாதிரி. சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மடங்க மாட்டேங்குது மோட்டாரு. வாசிக்கறத வுட்டாச்சு. தங்கச்சி வூட்ல இருக்கேன்" என்றார். ஜெயங்கொண்டம் பஸ் வந்தது, போயிட்டு வரேன் என்று ஏறிவிட்டார்.

அதனால்தான் போன வருஷம் அந்த ஆல்பத்தைக் கேட்டபோது என்னால் நம்ப முடியவில்லை. அப்போது நான் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரியில் மாற்று டிரைவர். கூட ஓட்டுகிறவன் அரும்பாவூர்க்காரன், என்னைவிட இளையவன். சிமெண்ட் ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போது போனில் ஒன்றைப் போட்டான். ஒரு கிட்டார். கூடவே கரகரத்த ஒரு கிழக்குரல், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறதைப் பற்றி, வீட்டு ஓட்டில் படிகிற புழுதியைப் பற்றி. போனில் படத்தைக் காட்டினான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாலும் ஆளைத் தெரிந்தது. முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். படத்துக்குக் கீழே ஆல்பத்தின் பெயர்: 'கரண்ட் இல்லாத நேரம்'. என்னைக் குத்திக்காட்டுகிற மாதிரி இருந்தது. அவர் ஏன் என்னைக் குத்த வேண்டும் என்று நினைத்து அதை ஒதுக்கினேன்.

ஒதுக்க முடியாதது வாசிப்பு. எனக்குத் தெரிந்த லீடண்ணனின் விரல் ஓடும், குதிக்கும், கம்பியில் இடம் இடமாக நிற்கும். இது எங்கேயும் நிற்கவில்லை. ஈரத் தரையில் கால் வழுக்குகிற மாதிரி ஒரு ஒலியிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டே போயிற்று. விரல் மடங்காத மனிதர் எழுபதை நெருங்குகிற வயதில் புதிதாக ஒரு வாசிப்பை எங்கே போய்ப் பிடித்தார்? அவர் தங்கச்சி மகன் ரெக்கார்டிங் படித்தவனாம், பதிவு பண்ணியது அவன்தானாம். இப்போது செத்துப்போனவர்களையே மிஷினை வைத்துப் பாட வைக்கிறார்கள். உயிரோடு இருக்கிறவரின் பெயரில் ஒரு கிட்டாரை உண்டாக்குவது எவ்வளவு நேரம்?

"இது அவரு இல்லடா" என்றேன், டீக்கடையில்.

"எது?"

"வாசிக்கறது."

"பின்ன பேயா வாசிக்குது?"

"அவருக்கு வெரலு மடங்காது. நான் கண்ணால பாத்துருக்கேன்."

"ஒங்களுக்குந்தான் முட்டி மடங்காது. லாரில ஏறலையா?"

டீக்கடைக்கார அக்கா சிரித்தார். "யாரு வாசிச்சா என்ன, கேக்க நல்லாருக்குல்ல?"

"ஏன்க்கா, ஒங்க டீய பக்கத்துக் கடக்காரன் போட்டு ஒங்க பேர சொல்லி வித்தா?"

"என் டீய அவன் போட முடியாது" என்றார் அக்கா, வடிகட்டியைத் தட்டிக்கொண்டே. போனில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரு அடியின் முடிவுக்கு வந்து, கடைசி ஒலிக்கு முன்னால் நின்றது. பாலை ஆற்றிக்கொண்டிருந்த அக்காவின் மூடிய வாய்க்குள்ளிருந்து 'ம்' என்று அந்த மிச்சம் வந்தது. அரும்பாவூர்க்காரனும் அதே நேரத்தில் அதையே முனகினான். தாங்கள் பாடினோம் என்று இருவருக்குமே தெரியவில்லை. என் கையில் டீ ஆறிப்போயிற்று. அது அவர் பழக்கம். ஆனால் தங்கச்சி மகனுக்கும் அது தெரிந்திருக்குமே என்று அடுத்த நொடியே தோன்றிவிட்டது.

ஆல்பத்துக்குக் கீழே ரசிகர்கள் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி எல்லாவற்றையும் படித்தேன். லாரி வரிசையில் நிற்கிறவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம். பெரம்பலூரில் ஒரு கல்லூரி வாத்தியார், 'இங்கே விரல் பேசவில்லை, வயது பேசுகிறது' என்று எழுதியிருந்தார். விரல் பேசவில்லை என்றுதானே நானும் சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கிற ஒருவன், கேட்டதும் எங்க ஊர்ப் புழுதி மூக்கில் ஏறியது என்றான். அவ்வளவு பிரியம் இருந்தால் வந்து சுவாசிக்கட்டும். இன்னொருவர் எழுதியிருந்தார்: 'பூலாம்பாடித் திருவிழாவில் இவர் இதே மாதிரி வாசித்தபோது கூட்டமே எழுந்து நின்றது, நான் அங்கே இருந்தேன்.' நானும் அங்கே இருந்தேன். எழுந்தவர்கள் வீட்டுக்குப் போக எழுந்தார்கள். வயிற்று வலியா என்று கேட்ட ஊரில் இத்தனை ரசிகர்கள் எந்தப் பொந்தில் இருந்தார்கள்? ஒரு பெண் எழுதியிருந்தது மட்டும் வேறு மாதிரி. எங்க அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் முழுக்க இதைத்தான் போடச் சொன்னார், கடைசி நாளில் பேச்சு நின்ற பிறகும் பாட்டு நிற்கிற இடத்தில் அவர் உதடு அசைந்தது என்று. அதைச் சந்தேகப்பட எனக்கு வழி கிடைக்கவில்லை. சீக்கிரமாக அதைத் தாண்டி மேலே தள்ளிவிட்டேன்.

பிறகு அரியலூர் முழுக்க பேனர் வைத்தார்கள். ரசிகர்கள் சேர்ந்து பாராட்டு விழா, ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு கல்யாண மண்டபத்தில். லீடண்ணன் நேரில் வாசிப்பார் என்று போட்டிருந்தது. போவது என்று முடிவு செய்தேன். கூட வரட்டுமா என்று அரும்பாவூர்க்காரன் கேட்டான், வேண்டாம் என்றேன். நான் பாட்டுக் கேட்கப் போகவில்லை, கையைப் பார்க்கப் போனேன். உள்ளுக்குள் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கை பொய் என்றால் எனக்காகப் பேசிய அந்த வாயும் பொய்யாக இருக்கலாம். அப்புறம் நான் நம்பினேன் என்று சொல்வதற்கு இந்த ஜில்லாவில் ஒரு ஆளும் மிஞ்ச மாட்டார்.

மண்டபம் நிறைந்திருந்தது. பழக்கதோஷத்தில் நான் ஜெனரேட்டர் வைத்திருந்த பக்கவாசலில் போய் நின்றேன். இப்போது வருகிறவை பெரிய டீசல் பெட்டிகள், சத்தமும் இல்லை, ப்ளக்கும் இல்லை. மேடையில் சால்வை போட்டுக்கொண்டே இருந்தார்கள். வரவேற்றுப் பேசியவரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது, துண்டு மாறவில்லை. "பூலாம்பாடி மேடையிலயே இவரு தெறமைய மொதல்ல கண்டுபுடிச்சவன் நானு. அன்னைக்கு மேடையேறி மைக்க வாங்கி நாலு வார்த்த சொன்னேன்" என்றார். சொன்னது உண்மை. எந்த நாலு வார்த்தை என்று யாரும் கேட்கவில்லை. கைதட்டினார்கள். லீடண்ணன் அன்றைக்குப் போட்ட அதே கும்பிடைப் போட்டார். இந்த ரசிகர்களை அவராவது நம்புகிறாரா என்று பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை.

தங்கச்சி மகன் மைக்கில், "மாமா இப்ப வாசிப்பாரு" என்றான். அவனைத்தான் கவனித்தேன். லேப்டாப்பிலோ போனிலோ கையை வைக்கிறானா என்று. அவன் வெறுங்கையோடு இறங்கி முன்வரிசையில் உட்கார்ந்தான். லீடண்ணன் அதே கிட்டாரை மடியில் வைத்தார். மாதாப் படம் வெளுத்திருந்தது. இடது கையைப் பார்த்தேன். இரண்டு விரலும் அப்படியே விறைத்து நின்றன. இந்தக் கையால் முடியாது என்று எனக்குள் ஒருவன் சந்தோஷப்பட்டதையும் மறைக்கத் தேவையில்லை. அப்போது அவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மோதிர விரலில் மாட்டினார். இரும்பு. விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. மடங்காத விரல் அந்தக் குழாய்க்குள் போய் அதுவும் ஒரு இரும்பாக நின்றது. அதைக் கம்பிமேல் வைத்து இழுத்தார். லாரியில் கேட்ட அதே வழுக்கல், இப்போது மண்டபச் சுவர்களில் மோதி என் நெஞ்சுக்கு வந்தது. பொய் இல்லை. வாசித்தது அவர்தான். மடக்க முடியாத விரலை வைத்துக்கொண்டு, விரல் மடங்க வேண்டாத ஒரு வாசிப்பைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

அதோடு நான் திரும்பியிருந்தால் நன்றாக முடிந்திருக்கும். ஆனால் கருவியைப் பார்த்தால் எனக்குக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். சுவரோரமாக நடந்து மேடைப் படிக்கட்டு வரை போனேன். குழாய்த் துண்டு. ஒரு முனையில் ஆறு பட்டை. நடுவில் துளை. துளையை ஒட்டி, தேய்ந்து, கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு மட்டும் தெரிகிற மாதிரி, ரோஸ்.

பாட்டு ஒரு அடியின் முடிவுக்கு வந்து நின்றது. மண்டபம் முழுக்க அந்த மிச்சத்தைப் பாடியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன்.

வாசித்து முடித்துத் தண்ணீர் குடிக்கத் திரும்பியபோது அவர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணாடியைக் கழற்றினார்.

"மோட்டாரா?"

"ஆமாண்ணே."

"கெழவனாயிட்டியேய்யா."

"நீங்க மட்டும் என்ன."

என் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் குனிந்தார். "அன்னைக்கு இது என் சட்டப் பையிலதான் இருந்துச்சு" என்றார். குரலைத் தணிக்கவில்லை, உயர்த்தவும் இல்லை. "மத்தியானம் ஒம் பொட்டிலேருந்து எடுத்து வெரல்ல மாட்டிப் பாத்தேன். அப்பவே வெரலு வெறைக்க ஆரம்பிச்சுருச்சு. பொன்மலைல ஒருத்தரு பாட்டில் கழுத்த மாட்டிக்கிட்டு இப்புடி வாசிப்பாரு. அது ஞாபகம் வந்துச்சு. திருப்பி வைக்கறதுக்குள்ள ஆளுங்க வந்துட்டாங்க."

"அப்புறம் ஜெனரேட்டர் நின்னுச்சு."

"நின்னுச்சு."

"எடுத்துக் குடுத்துருக்கலாம்."

"'ஒங்கிட்ட எப்புடி வந்துச்சு இது'ன்னு ஓனரு என்னயக் கேப்பாருய்யா. லீடுக்கு வெரலு போச்சுன்னு தெரிஞ்சா அன்னையோட நானும் வூட்டுக்குத்தான். நீ வேற வேல பாப்ப. ஒனக்கு எந்த வேலையும் ஒண்ணுதான். எனக்கு இது ஒண்ணுதான தெரியும்."

"பாவம் அவன்னு சொன்னீங்க."

"அது நெசமாத்தான் சொன்னேன்" என்றார்.

பின்னால் கூட்டம் ஒன்ஸ் மோர் கேட்க ஆரம்பித்திருந்தது. துண்டுக்காரர் எழுந்து நின்று எல்லோரையும்விட உரக்கக் கேட்டார். லீடண்ணன் விரலிலிருந்து ஸ்பேனரை உருவினார். என் பக்கம் நீட்டினார். "இந்தா. ஒன்னுது" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

வாங்கினேன். சூடாக இருந்தது. உள்ளே விரல் வழுக்காமல் இருக்கத் துணி ஒட்டியிருந்தார். இத்தனை வருஷம் பேடுக்காரன் பையில் தேடிய சாமான் என் உள்ளங்கையில் கிடந்தது. மண்டபம் முழுக்கக் கைதட்டிக் காத்திருந்தது. அவர் விறைத்த விரலை வெறுமனே நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். இதைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தால் அவரால் ஒரு ஒலிகூட எழுப்ப முடியாது. அன்றைக்கு இருட்டில் நான் நின்ற மாதிரி, இத்தனை வெளிச்சத்தில் அவர் நிற்பார். அது நியாயம்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் என் கை அதைச் செய்யவில்லை. படிக்கட்டில் ஏறி, ஸ்பேனரை அவர் விரலில் மாட்டினேன். ஆறு பட்டை முனை வெளியே வருகிற மாதிரி, ப்ளக்கில் மாட்டுகிற பழக்கத்தில் ஒரு திருகு திருகி. முன்வரிசை அதற்கும் கைதட்டியது, யாரோ பழைய சிஷ்யன் என்று நினைத்திருப்பார்கள். அவர் வாசிக்க ஆரம்பிக்கும்போது நான் பக்கவாசலைத் தாண்டியிருந்தேன். தெருவில் ஹார்ன் அடித்துக்கொண்டு ஒரு பஸ் போயிற்று. பின்னால் பாட்டு நின்றது, மண்டபம் மிச்சத்தைப் பாடியது. நான் பாடினேனா என்று எனக்கு நிச்சயமில்லை.

இப்போதும் அதே லாரிதான். அரும்பாவூர்க்காரன் அதே ஆல்பத்தைத்தான் போடுகிறான். வாசிக்கிறது அவர்தான் என்று சொல்லிவிட்டேன். "அதத்தான நான் மொதல்லேருந்து சொல்றேன்" என்கிறான். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ஓரத்தில் அந்தக் கறையைப் பார்க்கிறேன். முன்னால் அங்கே பார்த்தால் யார் எடுத்தார் என்று யோசிப்பேன், இப்போது அந்த யோசனை இல்லை. வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் அதை உண்மையிலேயே திருப்பிக் கொடுத்தாரா? மேடையிலேயே இருந்து முடி நரைத்த மனிதர். எந்த இடத்தில் நீட்டிவிட்டு நிறுத்தினால் எதிரில் நிற்கிறவன் மிச்சத்தைத் தானே முடித்துவிடுவான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வேண்டாமென்று சொல்ல வாய் வராது என்றும் தெரியும்.